சொல்லும் வழக்கும்: கத்னா குறித்த தில்லி வழக்கில் பெயரிடலின் வரலாறு

1. முன்னுரை

குழந்தையின் பிறப்புறுப்பில் சமயமோ மரபோ கருதிச் செய்யப்படும் வெட்டு குறித்து மருத்துவர்களும் அறவியலாரும் சட்ட அறிஞர்களும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். உடல்நலம், சமய உரிமை, குழந்தையின் இசைவு ஆகிய மூன்றும் இவ்வாதத்தின் பொருள்களாகக் கொள்ளப்படுகின்றன. அச்செயலை எப்பெயரால் சுட்டுவது என்பது, பொருள்பற்றிய வாதம் முடிந்தபின் தீர்த்துக்கொள்ளத்தக்க சிறு வினாவாகவே பெரும்பாலும் கருதப்பட்டுள்ளது. ஆயின் தாவூதி போரா சமூகத்துச் சிறுமியர்க்குச் செய்யப்படும் கத்னா குறித்து 2017ஆம் ஆண்டு தில்லியில் உச்சநீதிமன்றத்தின் முன் வந்த வழக்கை நோக்கின், பெயரே வழக்கின் நடுப்பொருளாக நின்றமை புலனாகும். ஒரு தரப்பார் அதனை 'உறுப்புச் சிதைப்பு' என்றனர். மறு தரப்பார் அச்சொல்லைத் தம் வழக்கத்திற்குச் சூட்டுவதே தவறு என்றனர். எச்சொல் நிலைபெறுகிறதோ அதற்கேற்ற சட்டமும் முடிவும் தாமே பின்தொடரும் நிலை அங்கு இருந்தது.

அச்சொற்கள் எங்கிருந்து வந்தன, எவ்வெக்காலத்தில் என்னென்ன பொருட்சாயல் பெற்றன, தமிழில் அவற்றுக்கு அமைந்த நிகரன்கள் யாவை, மொழிபெயர்ப்பாளர் முன் அவை வைக்கும் தேர்வு எத்தகையது என்பனவற்றை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது.

2. மூலமொழிச் சொற்கள்

ஆண் குழந்தைக்குச் செய்யப்படும் முன்தோல் நீக்கத்திற்கு அரபு மொழியில் 'கித்தான்' என்பது பெயர். இதன் வேரிலிருந்தே இந்தி, உருது, குசராத்தி ஆகியவற்றில் வழங்கும் 'கத்னா' பிறந்தது. அதே வேரிலிருந்து அரபியில் மருமகனைக் குறிக்கும் சொல்லும், இனமொழியாகிய எபிரேயத்தில் மணமகனைக் குறிக்கும் சொல்லும் அமைந்துள்ளன. மணவுறவும் இச்சடங்கும் பண்டைச் செமிட்டிய மக்களிடையே தொடர்புற்றிருந்தமைக்கு இதனைச் சான்றாகக் கொள்வர்.

பெண்ணுக்குச் செய்யப்படுவதை அரபுச் சட்டநூல்கள் பெரும்பாலும் வேறொரு சொல்லால் சுட்டுகின்றன. 'தாழ்த்துதல், குறைத்தல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து வரும் அச்சொல் உருது ஒலிப்பில் 'கஃப்ஸ்' என வழங்குகிறது. கூஃபா நகரத்து இலக்கணிகள் ஆறாம் வேற்றுமையை ஒத்த வேற்றுமைக்கு இட்ட பெயரும் இதுவே என்பது மொழியியலார்க்கு நினைவிருக்கும். இச்சொல்லின் ஈற்றிலுள்ள அரபு மெய்யைப் பாரசீகமும் உருதும் 'ஸ' ஒலியாக்கின. தமிழ் முஸ்லிம்களோ அதனை ளகரமாக்கினர். 'பர்ளு', 'ஒளு', 'ரமளான்' என்பன இம்முறைக்குச் சான்று. அம்மரபின்படி இச்சொல் தமிழில் 'கஃப்ளு' என்றே அமைதல் வேண்டும். ஆயின் உருது வழியாக ஆங்கில எழுத்தில் வந்த வடிவத்தையே தமிழ் இதழ்கள் ஒலிபெயர்த்தமையால் 'கஃப்ஸ்' என்பது வழங்கலாயிற்று. தமிழ் முஸ்லிம்களின் நாவில் பயின்ற சொல்லாக அது இங்கு வரவில்லை என்பதை அவ்வடிவமே காட்டிவிடுகிறது.

'சுன்னத்து' என்பது வெட்டைக் குறிக்கும் சொல்லன்று. 'வழிமுறை, நடைமுறை' என்பதே அதன் பொருள். சமயச் சட்டத்தில் அது கட்டாயக் கடமைக்கு அடுத்த நிலையில் உள்ள, பின்பற்றத்தக்க செயலைச் சுட்டும் கலைச்சொல்லுமாகும். இங்கு நோக்கத்தக்க முரண் ஒன்றுண்டு. தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் வாழும் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். அம்மத்ஹபின்படி இச்செயல் கட்டாயக் கடமை. ஹனஃபி மத்ஹபின்படியே அது சுன்னத்து. எனினும் கடமை எனக் கொள்வோரும் அதனைச் 'சுன்னத்து' என்றே அழைக்கின்றனர். சட்டப்பொருள் தேய்ந்து, சடங்கின் இடக்கரடக்கல் பெயராக அச்சொல் நிலைத்துவிட்டது. வங்கத்தில் 'முசல்மானி' என்பதும், மலையாளத்தில் 'மார்க்கக்கல்யாணம்' என்பதும், தமிழில் 'சுன்னத்துக் கலியாணம்' என்பதும் செயலைச் சொல்லாது விழாவையோ சமயத்தையோ சொல்லும் பெயர்களாகும். தூய்மையைக் குறிக்கும் அரபுச் சொல்லும் பல நாடுகளில் இச்சடங்கின் பெயராயிற்று. சுவாகிலி மொழியின் 'தோஹாரா' அதன் திரிபே.

கிரேக்கமும் இலத்தீனும் இதற்கு மாறான வழியில் சென்றன. 'சுற்றி வெட்டுதல்' எனச் செயலையே விளக்கும் கூட்டுச்சொற்களை அவை அமைத்தன. கிரேக்கத்தின் 'பெரித்தொமே', இலத்தீனின் 'சிர்கும்சிசியோ' ஆகிய இரண்டும் இவ்வகையின. ஆங்கிலச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது.

3. தமிழில் அமைந்த இரு சொற்கள்

தமிழில் இச்செயலுக்கு இரு சொற்கள் இரு சமயத்தார் வழியே வந்து அமைந்தன. முஸ்லிம்களின் வாழ்வோடு வந்தது 'சுன்னத்து'. கிறித்தவ விவிலிய மொழிபெயர்ப்போடு வந்தது 'விருத்தசேதனம்'. பின்னது வட்டத்தைக் குறிக்கும் 'விருத்தம்', வெட்டுதலைக் குறிக்கும் 'சேதனம்' என்னும் இரு வடசொற்களைக் கொண்டு கிரேக்கக் கூட்டுச்சொல்லை உறுப்புக்கு உறுப்பாகப் பெயர்த்த ஆக்கமாகும். இதனை அன்றாடம் செய்யும் சமூகத்தார் இச்சொல்லை வழங்கவில்லை. இதனைச் செய்யாத சமூகத்தாரே தம் மறைநூலுக்காக ஆக்கிக்கொண்டனர். தமிழ் எழுத்தில் வட்டத்தைக் குறிக்கும் சொல்லும் முதுமையைக் குறிக்கும் சொல்லும் ஒரே வடிவம் பெறுதலின், பொருள் விளங்காமலே ஓதப்படும் சொல்லாகவும் இது நின்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியமும் தனித்தமிழ் ஆக்கங்கள் பலவற்றை மேற்கொண்டபோதிலும் இச்சொல்லை விலக்கவில்லை.

இவ்விரு சொற்களும் ஒரே நூலில் அருகருகே வருமிடம் ஒன்று மொழிபெயர்ப்பு வரலாற்றில் தனிக்கவனத்திற்கு உரியது. பவுல் பிலிப்பியர்க்கு எழுதிய திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில், பிற இனத்துக் கிறித்தவரும் இச்சடங்கைச் செய்தாக வேண்டும் என்று வற்புறுத்தியோரைக் கண்டிக்கிறார். அங்கு அவர் 'பெரித்தொமே' என்னும் மரபுச்சொல்லை அவர்களுக்கு வழங்க மறுத்து, 'கதத்தொமே' என்கிறார். முன்னொட்டு ஒன்றே மாறியது. பொருளோ 'சுற்றி வெட்டுதல்' என்பதிலிருந்து 'வெட்டிச் சிதைத்தல்' என்பதாகிவிட்டது. மரபுச்சொல்லை அடுத்த தொடரிலேயே தம் பக்கத்தார்க்கு உரியதாக்கிக்கொள்கிறார். ஒரே செயலை ஏற்போர் ஒரு சொல்லாலும் மறுப்போர் 'சிதைப்பு' என்னும் சொல்லாலும் சுட்டும் போர், இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்பே நிகழ்ந்தமைக்கு இது சான்றாகும்.

இச்சொல்விளையாட்டைத் தமிழில் கொணரத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கண்ட வழி வியப்பிற்குரியது. சீர்திருத்தத் திருச்சபையினர் வழங்கிவரும் பழைய திருப்புதலில், மரபுச்சொல் வருமிடத்தில் 'விருத்தசேதனம்' என்பதும், இகழ்ச்சொல் வருமிடத்தில் 'சுன்னத்துக்காரர்' என்பதும் காணப்படுகின்றன. மூலத்தில் முஸ்லிம்கள் இல்லை. அவ்வாறு இருத்தற்கும் இயலாது. இழிவுப் பொருளுக்கு ஒரு சொல் தேவைப்பட்டபோது, அயல் சமூகத்தார் தம் சடங்கிற்கு மதிப்புடன் வழங்கிய பெயர் அவ்விடத்தில் வைக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் உட்கொண்டது யாதாயினும், விளைவு அதுவே. சொற்றேர்வு ஒரு சமூகத்தின்மேல் தீர்ப்பாக மாறுதல் எளிது என்பதற்குத் தமிழிலேயே உள்ள பழஞ்சான்று இது.

இத்தகைய பெயர்கள் ஏட்டளவில் நிற்பதில்லை. 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக் கலவரங்களில் தில்லியிலும் பஞ்சாபிலும் ஆடவரின் உடற்குறியே உயிரைக் காப்பதாகவும் போக்குவதாகவும் இருந்தது. வெட்டுதலைக் குறிக்கும் இந்தி வினையிலிருந்து பிறந்த வசைச்சொல் ஒன்று முஸ்லிம்களைச் சுட்ட வடநாட்டில் இன்றளவும் வழங்குகிறது. இப்பின்னணியில், இச்சடங்கைக் குறைகூறும் எச்சொல்லையும் அச்சமூகத்தார் ஐயத்துடன் நோக்குவது இயல்பே.

4. இசைவு என்னும் வினா

குழந்தையின் இசைவு பற்றிய வினா அண்மையில் மேனாட்டிலிருந்து வந்தது என்னும் கருத்து பரவலாக உள்ளது. முகலாயர் வரலாறு இதற்கு மாறான சான்று ஒன்றைத் தருகிறது. 1542இல் பிறந்த அக்பருக்கு 1546இல் காபூலில் இச்சடங்கு பெருவிழாவாக நடந்தது. அவர்தம் மைந்தர் மூவர்க்கும் 1573இல் அது நடந்தது. பின்னர் அதே அக்பர், 12 வயது நிறைவதற்குமுன் சிறுவர்க்கு இதனைச் செய்யலாகாது என்றும், அதன்பின் அச்சிறுவனின் விருப்பத்திற்கே விட்டுவிட வேண்டும் என்றும் ஆணையிட்டதாக அப்துல் காதிர் பதாவுனி எழுதியுள்ளார். பதாவுனி இதனை அக்பரின் சமயப் பிறழ்ச்சிக்குச் சான்றாகவே குறித்தார். ஆதலின் அவருடைய கூற்றை எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும். எனினும் 'வயது', 'விருப்பம்' என்னும் இரு கருத்துகளும் 16ஆம் நூற்றாண்டு இந்தியாவிலேயே இச்சடங்கோடு இணைத்துப் பேசப்பட்டன என்பது இதனால் உறுதியாகிறது.

5. 'வெட்டு' 'சிதைப்பு' ஆகிய வரலாறு

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், பெண்களுக்குச் செய்யப்படும் எல்லா வகை வெட்டுகளும் ஆங்கிலத்தில் 'பெண் விருத்தசேதனம்' என்னும் பொருள்படும் தொடராலேயே சுட்டப்பட்டன. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் உறுப்பின் பெரும்பகுதியை நீக்கித் தைத்துவிடும் கொடிய வகையும் அப்பெயருள் அடங்கியது. ஆண்களுக்குரியதோடு ஒப்பு எனத் தோன்றச் செய்யும் அப்பெயர் தீங்கை மறைக்கிறது என்னும் கருத்து 1970களின் இறுதியில் வலுப்பெற்றது. 1990இல் அடிஸ் அபாபாவில் கூடிய ஆப்பிரிக்க நாடுகளிடைக் குழுவின் மாநாடு, 'பெண் பிறப்புறுப்புச் சிதைப்பு' என்னும் பொருளுடைய தொடரை ஏற்றது. மறு ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அதனை ஐக்கிய நாடுகள் அவைக்குப் பரிந்துரைத்தது. இச்சொல்லை முன்வைத்துப் போராடியோருள் ஆப்பிரிக்கப் பெண்கள் முன்னின்றனர் என்பது மறத்தற்குரியதன்று.

நாளடைவில் களப்பணியாளர்க்கு இப்புதுச்சொல் இடர் விளைத்தது. தன் மகளுக்கு நன்மை செய்ததாக நம்பும் தாயிடம் 'நீ உன் மகளைச் சிதைத்தாய்' எனத் தொடங்கும் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே 1990களின் இறுதியில் 'வெட்டு' என்னும் நடுநிலைச்சொல்லை இணைத்து 'சிதைப்பு அல்லது வெட்டு' என்னும் இரட்டை வழக்கு தோன்றியது. 2005இல் பமாகோவில் கூடிய ஆப்பிரிக்கக் குழுவினரோ இத்தளர்வை எதிர்த்துச் 'சிதைப்பு' என்பதையே வற்புறுத்தினர்.

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு நான்கு வகைகளைக் கொண்டது. முதல் வகையின் ஓர் உட்பிரிவு மதனபீடத்தை மூடியுள்ள தோலை மட்டும் நீக்குதலாகும். நான்காம் வகை, குத்துதல், கீறுதல், சுரண்டுதல் போன்ற மருத்துவத் தேவையற்ற பிற தீங்குச் செயல்கள் அனைத்தையும் உள்ளடக்கியது. ஆகவே மிகக் கொடியதும் மிகச் சிறியதும் ஒரே பெயருள் அடங்கின. தில்லி வழக்கின் சிக்கல் இவ்வகைப்பாட்டின் விளிம்பிலேயே எழுந்தது.

6. தில்லி வழக்கு

தாவூதி போராக்கள் ஷியா இஸ்மாயிலி மரபினர். குசராத்தியை அடிப்படையாகக் கொண்டு, அரபு, பாரசீகச் சொற்கள் மிகுந்து, அரபு எழுத்தில் எழுதப்படும் 'லிசான் உத் தாவத்' அவர்தம் சமூகமொழியாகும். ஃபாத்திமியர் காலத்துச் சட்ட அறிஞர் அல்காதி அந்நுஃமான் இயற்றிய 'தஆயிமுல் இஸ்லாம்' அவர்களுக்கு அடிப்படை நூல். சிறுமியர்க்கு ஏறத்தாழ ஏழு வயதில் கத்னா செய்தல் அம்மரபை ஒட்டியதாகக் கூறப்படுகிறது. அச்சமூகத்துப் பெண்கள் சிலர் 2015 முதல் தம் இளமை நினைவுகளைப் பொதுவெளியில் கூறி இதனை எதிர்க்கத் தொடங்கினர்.

2017இல் தில்லி வழக்கறிஞர் சுனிதா திவாரி உச்சநீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். 'சிதைப்பு' என்னும் சொல்லே மனுவின் அடித்தளம். சமத்துவம், உயிர்வாழ்வுரிமை ஆகிய அரசியலமைப்பு உரிமைகளும் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2012ஆம் ஆண்டுச் சட்டமும் அதில் சுட்டப்பட்டன. எதிர்த்தரப்பில் தாவூதி போரா மகளிர் சமயவுரிமைச் சங்கம் வழக்கில் இணைந்தது. தாங்கள் செய்வது 'கஃப்ஸ்' என்றும், அது 'சிதைப்பு' அன்று என்றும், ஆண் குழந்தைக்குச் செய்வதினும் சிறிதாகிய செயல் என்றும், சமயத்தின் இன்றியமையாப் பகுதி என்றும் அச்சங்கம் வாதிட்டது. வாதிட்டோரும் பெண்கள், எதிர்த்தோரும் பெண்கள் என்பது கருதத்தக்கது.

2017 டிசம்பரில் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் அளித்த பதிலில், இவ்வழக்கம் இந்தியாவில் உள்ளது எனக் காட்டும் அதிகாரபூர்வத் தரவோ ஆய்வோ இல்லை எனக் கூறியது. இக்கூற்றின் பின்னணியிலும் பெயர்ச்சிக்கலே உள்ளது. குற்ற ஆவணங்கள் சட்டப் பிரிவுகளின் பெயரால் தொகுக்கப்படுகின்றன. சட்டத்தில் பெயர் பெறாத செயல் எண்ணிக்கையில் இடம்பெறுவதில்லை. எண்ணிக்கையில் இடம்பெறாததற்குச் சட்டம் தேவையில்லை எனப்படுகிறது. 2024இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை 31 நாடுகளில் 23 கோடிக்கு மேற்பட்ட சிறுமியரும் பெண்டிரும் இதற்கு உட்பட்டவர்கள் எனக் கணக்கிட்டது. அந்நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை.

2018 சூலையில் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான மூவர் அமர்வின் முன் விசாரணை நடந்தது. ஒன்றிய அரசின் சார்பில் தலைமை வழக்கறிஞர் கே.கே.வேணுகோபால் மனுவை ஆதரித்தார். பெண்ணின் உடல்மீது பிறர்க்கு ஏன் அதிகாரம் இருத்தல் வேண்டும் என்னும் வினாவை அமர்வு எழுப்பியது. 2018 செப்டம்பர் 24 அன்று வழக்கு ஐவர் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 2019 நவம்பர் 14 அன்று சபரிமலைச் சீராய்வு மனுக்களின்மேல் ஐவர் அமர்வு மூவர்க்கு இருவர் என்னும் பெரும்பான்மையில் அளித்த முடிவு, போராச் சிறுமியர் வினாவையும் பெரிய அமர்வு நோக்கத்தக்க பொதுவினாக்களோடு இணைத்துக் குறித்தது. 2020 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகளைக் கொண்ட அமர்வு ஏழு வினாக்களை வகுத்தது. பெருந்தொற்றால் விசாரணை தடைப்பட்டது. 2025 நவம்பரில் இதே பொருள் குறித்த மற்றொரு பொதுநல மனுவின்மேல் ஒன்றிய அரசுக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது.

அவ்வினாக்களின் நடுவே உள்ள 'இன்றியமையாச் சமய வழக்கம்' என்னும் கருத்து, 1954இல் சென்னை மாநில அறநிலைய ஆணையருக்கும் சீரூர் மடத்திற்கும் இடையே நடந்த வழக்கின் தீர்ப்பிலிருந்து வளர்ந்தது. 'இன்றியமையாதது' என்பதும் ஒரு சொல்லே. எது சமயம், எது வழக்கம், எது சிதைப்பு என மூன்று சொற்களின் எல்லை வரையறுக்கப்பட்ட பின்னரே ஏழு வயதுச் சிறுமியின் வழக்குக்கு விடை கிடைக்கும் நிலை ஏற்பட்டது.

7. 'சிதைத்தல்' என்பதன் பொருள்: ஆஸ்திரேலியத் தீர்ப்பு

தில்லியில் விடை பெறாத சொற்பொருள் வினா, அதே சமூகம் பற்றிய வழக்கொன்றில் ஆஸ்திரேலியாவில் நேரே எழுந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் குற்றவியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வெட்டி நீக்குதல், தைத்து மூடுதல், 'வேறு வகையில் சிதைத்தல்' ஆகியவற்றைத் தண்டிக்கிறது. 2015இல் தாய் உள்ளிட்ட மூவர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை நீக்கியது. 'சிதைத்தல்' என்பதன் வழக்குப்பொருள் உறுப்பைக் குறையுடையதாக்குவதோ திருத்தவொண்ணாத சேதம் விளைப்பதோ ஆகும். சிறு கீறல் அச்சொல்லுள் அடங்காது என்பது அதன் கருத்து.

2019 அக்டோபரில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் பெரும்பான்மையால் இதனை மாற்றியது. அத்தொடரைத் தனிச்சொல்லின் அகராதிப் பொருள்கொண்டு அளத்தல் ஆகாது. 'பெண் பிறப்புறுப்புச் சிதைப்பு' என்னும் முழுத்தொடர் குறிக்கும் வழக்கங்களின் பின்னணியிலும் சட்டத்தின் நோக்கத்திலும் வைத்தே பொருள்கொள்ள வேண்டும். அவ்வாறு கொள்ளின் வெட்டும் கீறலும் அதனுள் அடங்கும் என அது முடிவுசெய்தது. மொழியியல் நடையில் கூறின், தொடர்ச்சொல்லின் பொருள் உறுப்புகளின் பொருள்தொகை அன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். இரு நீதிபதிகள் இதற்கு உடன்படவில்லை. தண்டனைச் சட்டத்தில் ஐயுறவுடைய சொல்லைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்குச் சார்பாகக் கொள்ளும் மரபை நோக்கின், அம்மாறுபாடும் எளிதில் தள்ளத்தக்கதன்று.

8. ஆண் குழந்தை குறித்த வாதம்

போரா மகளிர் சங்கத்தின் வலிமையான வாதம் ஒப்புமை வாதமே. கத்னா என்னும் ஒரே சொல் இருபாலார்க்கும் வழங்க, ஒன்று ஏற்கப்பட்டு மற்றொன்று தண்டிக்கப்படுவது எவ்வாறு என அவர்கள் வினவினர். இவ்வொப்புமை இருபுறமும் இழுக்கவல்லது: சிறுவர்க்கு உள்ள இசைவைச் சிறுமியர்க்கு நீட்டவும், சிறுமியர்க்கு உள்ள காப்பைச் சிறுவர்க்கு நீட்டவும் அது இடந்தருகிறது.

மருத்துவச் சான்றுகள் இருபாலார்க்கும் ஒன்றல்ல. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் நடந்த மூன்று ஆய்வுகள், வயதுவந்த ஆடவரிடம் இச்சிகிச்சை பெண்வழி எச்.ஐ.வி. தொற்றை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைத்தமையைக் காட்டின. 2007இல் உலக சுகாதார நிறுவனம் தொற்று மிகுந்த நாடுகளுக்குத் தன்னிசைவுடன் கூடிய சிகிச்சையைப் பரிந்துரைத்தது. பெண்களுக்குச் செய்யப்படும் எவ்வகைக்கும் உடல்நல நன்மை இல்லை என்பது அதே நிறுவனத்தின் நிலைப்பாடு. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல், சிறுவர்க்குச் செய்வதன் நன்மைகள் இடர்களினும் மிகுதி. ஆயினும் எல்லாக் குழந்தைகட்கும் பரிந்துரைக்கும் அளவின அல்ல என்றது. நெதர்லாந்து மருத்துவர் சங்கம் 2010இல், மருத்துவக் காரணமின்றிச் சிறுவர்க்குச் செய்தல் தன்னுரிமைக்கும் உடல் முழுமைக்கும் முரணானது என்றது.

2012 மே 7 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர நீதிமன்றம், நான்கு வயதுச் சிறுவனுக்குச் சமயம் கருதிச் செய்த முன்தோல் நீக்கத்தை 'உடற்காயம்' எனப் பெயரிட்டது. சட்டம் தெளிவின்றி இருந்தமையால் மருத்துவரை விடுவித்தது. யூதரும் முஸ்லிம்களும் ஒருசேர எதிர்த்தனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஜெர்மானிய நாடாளுமன்றம், மருத்துவ நெறிப்படி செய்யப்படுமாயின் பெற்றோர் இசைவு தரலாம் எனச் சட்டம் இயற்றியது. இந்தியாவில், சிறுவர்க்கு மருத்துவத் தேவையின்றிச் செய்வதைச் சட்டவிரோதம் என அறிவிக்கக் கோரிய மனுவைக் கேரள உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் சட்டமியற்றும் அமைப்பு அன்று என்பதும், மனு செய்தித்தாள் செய்திகளையே சார்ந்தது என்பதும் கூறப்பட்ட காரணங்களுள் அடங்கும்.

9. மொழிபெயர்ப்பாளர் முன் உள்ள தேர்வு

அரசியலமைப்பின் 348ஆம் உறுப்புப்படி உச்சநீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நிகழ்கின்றன. குசராத்தியிலோ லிசான் உத் தாவத்திலோ நேர்ந்த அனுபவம் ஆங்கிலத்தில் வழக்காகிறது. 2019 முதல் அந்நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழிலும் பெயர்க்கப்படுகின்றன. ஆகவே அது மீண்டும் ஓர் இந்திய மொழிக்குத் திரும்பி வருகிறது. இவ்வழியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கன சில உள.

முதலாவது, 'பெண் விருத்தசேதனம்' என்னும் தொடரைத் தவிர்த்தல் நன்று. விவிலியத்தின் உடன்படிக்கைப் பொருளைத் தாங்கிய அச்சொல், போராச் சமூகத்தார்க்கும் உரியதன்று. மருத்துவப் பொருளும் தருவதன்று.

இரண்டாவது, மூலத்தில் தீர்ப்புச்சொல் வருமிடத்தில் 'சிதைப்பு' என்பதையும், விளக்கச்சொல் வருமிடத்தில் 'வெட்டு' என்பதையும், சமூகத்தார் தம் கூற்றாக வருமிடத்தில் 'கத்னா', 'கஃப்ஸ்' என்பனவற்றையும் வேறுபாடு குன்றாது வழங்க வேண்டும். மூன்றையும் ஒரே தமிழ்த்தொடராக்கும் இதழியல் வழக்கால், வழக்கின் வாதமே தமிழில் காணாமற்போகிறது. 'எங்கள் சிதைப்பு சிதைப்பன்று' என ஒரு தரப்பார் கூறியதாகப் பொருளற்ற தொடரே எஞ்சும்.

மூன்றாவது, சட்ட வாசகத்தில் பெயரை மட்டும் நம்பாது செயலை விரித்துரைக்கும் வரையறை வேண்டும். ஆஸ்திரேலியாவில் நான்காண்டுகள் வாதிடப்பட்டது, சட்டத்தில் 'கீறுதல்' என்னும் ஒரு வினை இல்லாமையாலேயாம்.

நான்காவது, தமிழ் வழங்கும் இலங்கையின் நிலையும் கருத்தில் கொள்ளத்தக்கது. அங்கு முஸ்லிம் சமூகத்தில் பெண் குழந்தைக்குச் செய்யப்படுவதும் 'சுன்னத்து' என்றே வழங்க, அதனைச் செய்யும் பெண் 'ஒஸ்தா மாமி' எனப்படுகிறார். 2018இல் இலங்கைச் சுகாதார அமைச்சு மருத்துவர்கள் இதில் ஈடுபடலாகாது எனச் சுற்றறிக்கை விடுத்தது. உறவுப்பெயரோடு கூடிய 'மாமி' என்பவரையும் சுற்றறிக்கையின் சொல்லையும் இணைக்கும் தமிழ் இன்னும் உருவாக வேண்டியுள்ளது. தாயார் ஒருவர் அறிவிப்பைப் படித்து, அது தம் வீட்டில் நடப்பதைக் குறிக்கிறது என அறிந்துகொள்ள இயலாதாயின், அவ்வறிவிப்பு எழுதப்படாததற்கு ஒப்பாகும்.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் புலனாகின்றன. ஒரே செயலுக்குச் செய்வோர் ஒரு பெயரும் மறுப்போர் வேறொரு பெயரும் இடுதல் பவுல் காலந்தொட்டு வரும் வழக்காகும். 'சிதைப்பு' என்னும் சொல் பெண்களின் போராட்டத்தால் ஈட்டப்பட்டது. அதே சொல் எல்லை தெளிவின்றி நிற்குமிடத்தில் வழக்கைத் தடுமாறச் செய்வதும் உண்டு. தமிழில் இதற்கு நடுநிலையான, பொருள் விளங்கும் சொற்றொகுதி இன்னும் முழுமை பெறவில்லை.

இத்தனை பெயர்களுக்கும் நடுவே ஒருவர்க்கு மட்டும் பெயர் சொல்லப்படுவதில்லை. போராப் பெண்கள் பலர் பொதுவெளியில் கூறிய நினைவுகளில் திரும்பத் திரும்ப வருவது இது: எங்கு அழைத்துச் செல்கிறார்கள் என்பது ஏழு வயதில் அவர்களுக்குக் கூறப்படவில்லை, நிகழ்ந்தது யாது என்பதும் அன்று கூறப்படவில்லை, பிறரிடம் சொல்லாதே என்பது மட்டும் கூறப்பட்டது. பல்லாண்டுகள் கழித்து, பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரை ஒன்றில், தமக்கு நேர்ந்ததற்கு ஒரு சொல் உண்டு என அவர்கள் அறிந்தனர். சடங்கை ஏற்போரும் மறுப்போரும் உடன்படத்தக்க ஓர் அடிப்படை இங்குள்ளது. தன் உடலில் நிகழ்வது இன்னதென்று தன் தாய்மொழியில் கேட்டறியும் சொல் குழந்தைக்கு வேண்டும். அச்சொல் இல்லாத இடத்தில் இசைவு பற்றிய வினாவை எழுப்புதற்கும் வழியில்லை. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இவ்வாதத்திற்குச் செய்யத்தக்க பணி அதுவேயாகும்.